கம்பு வீசினால் கோபம் தீருமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொண்டிக்குத் தெற்கே கடற்கரை ஊர் எங்களுடையது. இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறேன். மீனவர் சங்கத் தலைவர் பொறுப்பும் என்னிடம்தான். படகு பிடிபட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் என் வாசலில் கூட்டம். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. டென்ஷனைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நம் மண்ணின் கலை என்று சிலம்பத்தில் சேர்ந்தேன். சங்கக் கூட்டம் முடிந்ததும் கடற்கரைக்குப் போய், எதிர்த்துப் பேசியவர்களை நினைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் கம்பு வீசுகிறேன். அப்போது லேசாக இருக்கிறது. மறுநாள் முன்பைவிட அதிகமாகக் கத்துகிறேன். இப்போது முழங்கையும் வலிக்கிறது. வேலுநாச்சியார் பிறந்த மண்ணில் பிறந்தவனுக்கு இது ஏன் கைகூடவில்லை? தியானத்துக்கு மாறிவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தியானம் பிடித்தால் செய்யுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. மண், ரத்தம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட மறுநாளே வேலுநாச்சியார் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் எட்டு வருடம் இருந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, படை திரட்டி, 1780-ல்தான் சிவகங்கையை மீட்டார். மேடையில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்த எட்டு வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

"எதிர்த்துப் பேசியவர்களை நினைத்துக்கொண்டே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கராத்தேயோ குத்துச்சண்டையோ சிலம்பமோ, மனதில் இருப்பதை அடித்து வெளியே தள்ளு என்றுதான் இப்போது எங்கும் சொல்லித்தருகிறார்கள். கொஞ்ச நாளாகவே இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கோபம் என்ன குக்கர் ஆவியா, விசில் வந்ததும் அடங்க? 2002-ல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். தன்னைக் குறைசொன்னவனை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையை அடித்தவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. 2024-ல் அவரும் இன்னொருவரும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் இதே முடிவுதான். உடம்பின் படபடப்பை இறக்கும் பயிற்சி கோபத்தைக் குறைக்கிறது, ஏற்றும் பயிற்சி குறைப்பதில்லை.

நீங்கள் தினமும் ஒரு மணி நேரம், குறிப்பிட்ட நாலு முகங்களை வைத்துக்கொண்டு கோபப்படப் பழகுகிறீர்கள். நல்ல மாணவர், அதனால் மறுநாள் கூட்டத்தில் அது நன்றாகவே வருகிறது!

முழங்கை வலிக்கும் காரணம் அங்கேதான். கம்பு வீசும்போது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வளையமாக நிற்க, மற்ற மூன்று விரல்களும் கம்பு சுழலும்போதெல்லாம் திறந்து மூட வேண்டும். கோபம் வந்தால் ஐந்தும் இறுகிவிடும். மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். மணிக்கட்டின் வேலையை முழங்கையும் தோளும் செய்யவேண்டி வரும். முன்கைத் தசைநார் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி ஆரம்பிக்கும். தோள் காதுவரை ஏறும், வீச்சு மந்தமாகும், கம்பின் நுனி உங்கள் கணுக்காலையே பதம் பார்க்கும். இன்று கம்பைக் கீழே வைத்ததும் கையைப் பாருங்கள். விரல்கள் தானாக விரிந்தால் சரி. பாதி மடங்கியே நின்றால், அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் கம்பை நெரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். சிலம்பப் போட்டியில் எதிராளியைத் தொட்டாலே புள்ளி. எலும்பை முறித்தவனுக்குத் தனிப் பரிசு கிடையாது. கம்பைத் தளர்த்திப் பிடிக்கிறவன்தான் முதலில் தொடுவான்.

ஆகவே இரண்டு வாரம் கம்பைத் தொடாதீர்கள். டீ டம்ளரைத் தூக்கும்போதும் வலித்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அதுவரை காலடி, அதாவது கம்பில்லாமல் கால் வைத்துத் திரும்பும் பயிற்சி மட்டும், பதினைந்து நிமிடம், கூட்டத்துக்கு முன்னால். தண்ணீர் வற்றிய ஈரமணலில் செய்யுங்கள். காய்ந்த மணலில் பாதம் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பி, திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். கால் எடுத்து வைக்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுங்கள், திரும்பும்போது ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை விடும் நேரத்தில்தான் இதயத் துடிப்பு இறங்கும், அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். எல்லோரும் தவறுவது திரும்பும் இடத்தில், அங்கே மூச்சை அடக்கிவிடுவார்கள். அடங்குகிறது என்று தெரிந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். வலி போனபின் கம்பை எடுக்கலாம். வலது கைக்கு ஐம்பது வீச்சு, இடது கைக்கு ஐம்பது, மெதுவாக. நடுவில் யாருடைய முகமாவது வந்தால் கம்பை ஊன்றி நில்லுங்கள். மூச்சு இறங்கியபின் தொடருங்கள். கூட்டம் முடிந்து வந்தால் கம்பே வேண்டாம், நடந்தால் போதும்.

கூட்டத்துக்கும் சிலம்பத்தில் ஒரு பாடம் இருக்கிறது. எதிராளியின் கம்பு நுனியைப் பார்த்தால் தோற்பீர்கள், கண் அந்த வேகத்தைத் தொடர முடியாது. தோளையும் நெஞ்சையும் பார்க்கவேண்டும், அசைவு அங்கேதான் முதலில் தெரியும். "உங்க சங்கம் என்னத்தைக் கிழிச்சுச்சு" என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் கத்தினால், புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிறாள். நீங்களோ சங்கம் கிழித்த பட்டியலை வாசிக்கிறீர்கள். அவள் முடிக்கும்வரை பேசாதீர்கள். முடித்ததும் தெரிந்ததை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தெரியாததை எத்தனை மணிக்குள் விசாரித்துச் சொல்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எல்லா போனையும் நீங்களே எடுக்க வேண்டுமென்று யார் சொன்னது? டோக்கன் (படகு கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டு) விவரத்தோடு மீன்வளத்துறையிடம் பேச ஒருவர், வக்கீலுக்கு ஒருவர், வீடுகளுக்குப் போக இரண்டு பெண்கள். யார் எது என்பதை இப்போதே எழுதி சங்கச் சுவரில் ஒட்டுங்கள். சம்மாட்டி, அதாவது படகு முதலாளி என்றால் எல்லாப் பாரத்தையும் தானே தூக்கவேண்டும் என்ற வீம்பில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் படுத்துவிட்டார்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ராத்திரி போனும் குறையும். காலடியைத் திருத்த அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாத்தியாரிடம் முழங்கை வலியை மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதும் வேகமாக வீசச் சொன்னால் வேறு வாத்தியாரைப் பாருங்கள்.