ஆனியன் சூப்ல உஷார்!
ப்ரோ, நுங்கம்பாக்கத்துல இருக்க பிஸ்ட்ரோவுக்கு (சின்ன பிரெஞ்சு ரெஸ்டாரண்ட்) பாதி பேர் அஞ்சு ஸ்டார் பாதி பேர் ஒரு ஸ்டார், சைவக்கார அம்மாவ பர்த்டேக்கு கூட்டிட்டு போலாமான்னு கேட்டிருந்தீங்க. திட்டினவங்கள நிதானமா படிங்க, ஸ்டீக் (தடியா வெட்டி வாட்டின கறி) உள்ள சிவப்பா இருந்துச்சாம், மீடியம் ரேர்னா, அதாவது அரைவேக்காடுனா அப்படித்தான் இருக்கும், அதுக்கு ஒரு ஸ்டாரா? ஆனா சூப் ஆறிப்போய் வந்துச்சுன்னு நாலு பேர் சொன்னா அது கிச்சன் தப்பு. அம்மா சைவம்ங்கிறதால நீங்க பயப்பட வேண்டியது வேற, பிரெஞ்சு ஆனியன் சூப்ல மாட்டெலும்பு ஸ்டாக் (எலும்பு வேகவெச்ச தண்ணி) ஊத்துறது வழக்கம், கீஷ்ங்கிற உப்பு டார்ட்ல முட்டை கண்டிப்பா உண்டு, முட்டையும் ஆகாதுன்னா கிரெம் ப்ரூலேங்கிற கஸ்டர்ட் ஸ்வீட்டும் போச்சு, வழக்கமா மஞ்சக்கருலதான் அது செட் ஆகும். ரட்டட்டூய் சொல்லுங்க, கத்திரிக்கா சுக்கினி குடமிளகா தக்காளிய ஆலிவ் ஆயில்ல வதக்கினதுதான், அம்மாவுக்கு ஒத்துக்கும். முன்னாடியே போன் பண்ணுங்க, "எல்லாம் வெஜ்தான் சார்"னு பட்டுனு சொன்னா நம்பாம செஃப்ப கேட்டு சொல்ல சொல்லுங்க.