போஸ்ட்பெய்டு ஒப்பந்தம் முடியும் முன் வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன்பு, போஸ்ட்பெய்டு இணைப்பும் புதிய ஸ்மார்ட்போனும் சேர்ந்த ஒரு திட்டத்தில் சேர்ந்தேன். போனுக்கான பணத்தை ஒரு நிதி நிறுவனம் 24 மாதத் தவணைக் கடனாகத் தந்தது. வீட்டுக்குள் சிக்னலே கிடைப்பதில்லை என்பதால், அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்குப் போக முயன்றேன். “ஒப்பந்தக் கடமை நிலுவையில் உள்ளது” என்று குறுஞ்செய்தி வந்ததே தவிர, போர்ட்டிங் குறியீடு வரவில்லை. சேவை மையத்தில் கேட்டால், இரண்டு ஆண்டு முடியாமல் போக வேண்டுமானால் 6,000 ரூபாய் கட்ட வேண்டும், போனாலும் இந்த போன் வேறு சிம்மில் வேலை செய்யாது என்கிறார்கள். போனின் திரை வாரன்டி காலத்திலேயே இரண்டு முறை பழுதாகிச் சரிசெய்யப்பட்டது; இப்போது மூன்றாம் முறையும் அதே கோளாறு. தவணை கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் தாமதித்தால்தான் உங்களுக்கு உடனடி நஷ்டம். தவணையை நிறுத்தாதீர்கள். சிக்னல் கிடைக்காததற்கோ திரை பழுதானதற்கோ நிதி நிறுவனம் பொறுப்பாளி அல்ல. அது போனின் விலையைச் செலுத்திவிட்டது, அந்தக் கடனை உங்களிடமிருந்து வசூலிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தவணை தவறினாலே அபராதமும், கடன் மதிப்பெண்ணில் சரிவும் வரும். அந்தச் சரிவை, பிறகு நீங்கள் வழக்கில் வென்றாலும் எளிதில் சரிசெய்ய முடியாது.

நீங்கள் ஒன்றாக நினைத்துக் குழம்பியிருப்பது உண்மையில் மூன்று தனித்தனி விவகாரங்கள். இணைப்புக்கான ஒப்பந்தம் தொலைத்தொடர்பு நிறுவனத்துடன். கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்துடன். போனின் தரத்துக்கான பொறுப்பு அதைத் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும். ஒரே மேசையில், ஒரே மாலையில், ஒரே ஊழியர் நீட்டிய காகிதங்களில் கையெழுத்திட்டதால் மூன்றும் ஒன்றாகிவிடாது. சேவை மையத்தில் உங்களிடம் பேசியவர் ஒன்றின் நிபந்தனையை இன்னொன்றுக்குத் தடையாகக் காட்டுகிறார் என்பதே என் ஐயம்.

இப்போது போர்ட்டிங் மறுப்புக்கு வருவோம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை, தொலைத்தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி வருவது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. குறியீட்டை எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பதும் அதிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் நிறைவடையாமை, வழக்கமான முறைப்படி அனுப்பப்பட்ட பில்லில் பாக்கி, உரிமையாளர் பெயர் மாற்றம் நிலுவையில் இருத்தல், எண்ணே நீதிமன்ற வழக்கில் சிக்கியிருத்தல் போன்றவை அவற்றில் அடங்கும். ஒப்பந்தக் கடமை நிலுவையில் இருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அது, சந்தாதாரர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் வெளியேறும் விதியின்படி நிலுவையில் இருக்கும் கடமையாக இருக்க வேண்டும். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆகவே, நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 24 மாதம் என்ற சொல் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒருவரின் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, 24 என்ற எண் கடன் அட்டவணையில் மட்டுமே இருந்தது. இணைப்புப் படிவத்தில் குறைந்தபட்சக் காலம் என்ற கட்டம் நிரப்பப்படாமலே, அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. உங்களுடையதும் அப்படி இருந்தால், நிதி நிறுவனத்துக்குத் தர வேண்டிய தவணையைக் காட்டித் தொலைத்தொடர்பு நிறுவனம் போர்ட்டிங்கை மறுக்க முடியாது என்பதே என் கருத்து. மாறாக, இணைப்புப் படிவத்திலேயே காலமும் வெளியேறும் கட்டணமும் தெளிவாக எழுதப்பட்டு நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், மறுப்புக்கு அடிப்படை உண்டு. அப்போது பேச வேண்டியது தொகையைப் பற்றி மட்டுமே.

தொகை விஷயத்திலும் நிறுவனம் சொன்னதே முடிவல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதப்பட்ட தொகையை உச்சவரம்பாக மட்டுமே பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இழப்பு என்று ஒன்று நேர்ந்திருந்தால்தான் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் தெளிவாகச் சொன்னது. போனுக்கு நிறுவனம் தள்ளுபடி கொடுத்திருந்து, 24 மாதச் சந்தாவில் அதை ஈடுகட்டுவதாக இருந்தால், மீதமுள்ள பத்து மாதங்களுக்கு உரிய பங்கைக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். தள்ளுபடியே இல்லாமல், முழு விலையையும் நீங்கள் கடனாகக் கட்டிக்கொண்டிருந்தால், 6,000 ரூபாய் எந்த இழப்புக்கு என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

அந்த விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை. புகார் மையத்தில் பதிந்து புகார் எண் பெறுங்கள். எந்த விதியின் கீழ் மறுப்பு, தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற இரண்டை மட்டும் கேட்டால் போதும். பதில் திருப்தியாக இல்லையென்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். 2012-ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே நிற்காது என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் பரவிய கருத்து அது. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இத்தகைய புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தீர்த்துவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனியுங்கள். வெளியேறும் கட்டணத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லி எதிர்த்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சிக்னல் இன்மையையும் தவறான மறுப்பையும் சேவைக் குறைபாடு என்று வடிவமைத்தால் மாவட்ட ஆணையமே போதும், உங்கள் நிலையில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சிக்னல் இல்லாத நாள், நேரம், அப்போது பதிந்த புகார் எண்களை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.

போன் வேறு சிம்மில் வேலை செய்யாது என்ற பேச்சைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நீங்கள் மாற விரும்பும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரிடம் அதை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அழைப்பும் இணையமும் கிடைத்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. திறப்புக் குறியீடு கேட்டால் போன் பூட்டப்பட்டுள்ளது என்று பொருள். வாங்கும்போது அதை உங்களிடம் தெரிவித்தார்களா என்பது அடுத்த கேள்வி. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பூட்டும் உண்டு: தவணை தவறினால் போனை முடக்கும் செயலியைச் சில கடன் நிறுவனங்கள் நிறுவியிருக்கும். அது சிம்மைப் பொறுத்ததல்ல, தவணையைப் பொறுத்தது.

வழி கிடைத்தபின் போர்ட்டிங் எளிது. வந்த பில்களை எல்லாம் கட்டிவிட்டு, ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். வரும் குறியீடு பெரும்பாலான வட்டங்களில் (தொலைத்தொடர்பு சேவைக்காகப் பிரிக்கப்பட்ட பகுதிகளில்) நான்கு நாட்களே செல்லும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களிலும், வேறு வட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களிலும் மாற்றம் முடிய வேண்டும். சிம்மை மாற்றி வாங்கி ஏழு நாள் ஆகாவிட்டால் குறியீடு கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி உள்ளது. மாறியபின் வரும் கடைசி பில்லையும் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பழைய நிறுவனத்தின் கோரிக்கையில் புதிய இணைப்பே துண்டிக்கப்படலாம். வங்கியில் தானியங்கிப் பற்றை ரத்து செய்யும்போது, சந்தாவுக்கானதை மட்டும் ரத்து செய்யுங்கள். தவணைக்கானது அதே பட்டியலில் அடுத்த வரியில் இருக்கும்.

திரை விஷயத்தில், வாரன்டி முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு பழுதும் வாரன்டிக்குள் வந்தவை. அதே கோளாறு மீண்டும் வருவது, முன்பு செய்த பழுதுநீக்கம் குறையை நீக்கவில்லை என்பதற்கான அடையாளம். பழுதுநீக்கு மையம் தந்த ஜாப் ஷீட் ஒவ்வொன்றிலும் தேதியும், குறையின் விவரமும், போனை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்கும். *#06# அழுத்தினால் திரையில் தெரியும் அந்தப் பதினைந்து இலக்க எண்ணும், ரசீதில் உள்ளதும், ஜாப் ஷீட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் சேர்த்தே அறிவிப்பு அனுப்புங்கள். மாற்று போன் அல்லது விலையைத் திருப்பித் தருதல் என்று கோரிக்கையைத் தெளிவாக எழுதி, பதில் சொல்ல பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள்.