பழைய ஜப்பான் காருக்கு எந்தப் பிரேக் டிஸ்க், எந்தப் பேட் வாங்கலாம்?

முன் பிரேக் டிஸ்கும் பேடும் மாற்ற வேண்டும், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நாலு விலையில் நாலு சோடி காட்டினார்கள், துளை போட்ட டிஸ்க் வாங்கினால் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க் சாதாரணமானது போதும், காசைப் பேடில் போடுங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன்னால், கழற்றிய பழைய பேட் நாலையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கும். கராஜில் டிஸ்க் வளைந்துவிட்டது என்றார்கள், சரி என்று புதிது போட்டேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, காலி வீதியில் கலர் லைட்டுக்கு நிற்கும்போதெல்லாம் அதே நடுக்கம். இந்த முறை பழைய பேட்களை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு நானே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை நானா ஒரு பெட்டியைக்கூட எடுக்கவில்லை. நாலையும் மேசையில் வரிசையாக வைத்தார். இடது சில்லின் வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதே சில்லின் உள்பக்கப் பேட் ஒரு ஓரத்தில் தேய்ந்து இரும்பே தெரிந்தது. "தம்பி, இது சாமான்ட பிழை இல்ல. ஸ்லைட் பின் இறுகிப் போயிருக்கு" என்றார்.

பேட்களை டிஸ்கோடு அழுத்திப் பிடிக்கும் கலிப்பர், ஸ்லைட் பின் எனும் இரண்டு கம்பிகளில் வழுக்கி நகர வேண்டும். அவை இறுகினால் பிஸ்டன் இருக்கும் உள்பக்கப் பேட்தான் எல்லா வேலையும் செய்யும், வெளிப் பேட் சும்மா இருக்கும். நான் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இரண்டு வீடு தள்ளிக் காரை நிறுத்துகிறவன், உப்புக் காற்றுக்குத் துரு கேட்கவா வேண்டும். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கன் கிரீஸ் பூசி, கிழிந்த ரப்பரை மாற்றினால் வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் ஒரு பக்கமாகத்தான் தேயும்.

அப்புறம் அந்த நடுக்கம். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னாலும் பெரும்பாலும் அது வளைவதில்லை. டிஸ்கும் சில்லும் பொருந்துகிற ஹப்பின் முகத்தில் துரு இருக்க, அதன் மேலேயே புது டிஸ்கை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே கடுதாசி அளவு துரு இருந்தாலும் டிஸ்கின் விளிம்பு அங்கும் இங்கும் ஆடும். பல கார்களுக்கு 0.05 மில்லிமீற்றர் ஆட்டமே அதிகம். ஆடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீற்றர் போனதும் டிஸ்க் ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் தடித்துவிடும். அதனால்தான் மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்துத்தான் நடுங்கும். எனக்கு நடந்ததும் இதுதான். மாட்டும்போது பக்கத்தில் நின்று, கம்பி பிரஷ் போட்டு ஹப்பைப் பளபளப்பாக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் பாஸ் முறைப்பார், முறைக்கட்டும்.

டிஸ்க் மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் பாருங்கள். குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். தடிப்பு அளக்கும் வேர்னியரால் பல இடங்களில் அளந்து, அந்த எண்ணுக்குக் கிட்ட வந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவுவது வீண் செலவு, புதிதே வாங்குங்கள். வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து. ரீகண்டிஷன் டிஸ்க் என்றால் கடையிலேயே அளந்து பார்த்து எடுக்கலாம். பாவித்த பேட் மட்டும் சும்மா தந்தாலும் வேண்டாம்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்தக் காலப் பேட்கள் சூட்டில் விட்ட வாயு வெளியேறத்தான் துளை போட்டார்கள். இன்றைய பேடுக்கு அந்தத் தேவை மிகக் குறைவு. மலிவான டிஸ்கில் வெறுமனே ட்ரில் போட்ட துளையைச் சுற்றி வெடிப்பு வரும். பம்பலப்பிட்டிச் சந்தியில் முதல் கியரில் ஊர்கிற காருக்கு அது எதற்கு?

பேடில் மூன்று வகை கேள்விப்படுவீர்கள். ஜப்பான் கார்களோடு பெரும்பாலும் வருவது ஓர்கானிக், சத்தமும் தூசும் குறைவு. செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் காலையில் கிரீச்சிடும், அலோய் சில்லைக் கறுப்பாக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு அடிக்கடி நுவரெலியா ஏறி இறங்கும் வேனுக்கு அதுதான் சரி. செராமிக் சத்தமில்லாதது, விலை கூட. கொழும்புக்குள் ஓடும் காருக்கு நல்ல ஓர்கானிக், கையில் காசிருந்தால் செராமிக்.

பேடின் முதுகிலோ ஓரத்திலோ எஃப் எஃப், ஜி ஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சூடேறுமுன் பிடிமானம், இரண்டாவது சூட்டில். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. இ அதற்குக் கீழே, ஜி மேலே. முதலாவது எஃப், இரண்டாவது இ என்றிருந்தால் சூட்டில் பிடி தளரும் என்று அர்த்தம். மலை இறக்கத்துக்கு அதை நான் எடுக்க மாட்டேன். ஐரோப்பிய ஆர் 90 முத்திரை உள்ள பேட் பிடிமானத்தில் கம்பனிப் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி, அது இருந்தால் பாதிக் கவலை விட்டது. அகெபோனோ, நிஷின்போ இரண்டும் ஜப்பான் கார்க் கம்பனிகளுக்கே பேட் செய்து கொடுக்கிறவை. அவற்றின் பெட்டியைப் போலவே போலியும் வரலாம், அச்சையும் பேடில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொடலின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மொடலில் இரண்டு மூன்று கலிப்பர் இருக்கும். சாசி இலக்கத்தோடு பழைய பேடையும் கொண்டுபோங்கள்.

புது டிஸ்கில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஈரம் குடித்த டொட் 3 ஒயில் 140 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கராஜிலிருந்து எடுத்ததும் முதலில் மெதுவாக ஓட்டி, மிதி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு போயா தினத்தில் விடிய எழும்பி, பின்னால் வாகனம் வராத நேரமாகப் பார்த்து, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பிரேக் பிடித்து விடுங்கள். எட்டுப் பத்துத் தடவை, இடையில் கொஞ்சம் ஓடி ஆறவிட்டு. முழுதாக நிறுத்தி மிதித்தபடி இருக்க வேண்டாம், சூட்டில் பேட் டிஸ்கில் ஒட்டித் தடம் விழுந்துவிடும். நான் நாடாளுமன்ற வீதியில் செய்தேன். முதல் நாலைந்து தடவை கருகிய வாடை வந்தது, பிறகு போய்விட்டது.