கச்சான் காற்றில், மலைக்குப் பின்னால்

கேள்வி: தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மேற்குப் பார்த்த சரிவொன்றில், றிமோட்டால் இயக்கும் இரண்டு மீற்றர் நுரைக் கிளைடர் (மாதிரி விமானம்) பறக்கவிடுகிறேன். மோட்டார் இல்லாத கிளைடரை மலையின் காற்று மறைவில் சுழற்றியே மணிக்கு 800 கிலோமீற்றரைத் தாண்டுகிறார்களாமே? திருகோணமலை சுவாமி மலையில் நானும் முயலலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: வேகம் உண்மைதான். 2021 ஜனவரியில் கலிபோர்னியாவில் 882 கி.மீ. பதிவானது. ஆனால் சுவாமி மலையை மறந்துவிடுங்கள். கோட்டைக்குள் இராணுவம், உச்சியில் கோணேசர் கோயில், வழியெல்லாம் சனம். போதாக்குறைக்கு, கச்சானுக்கு மறைவுப் பக்கம் கடல், விழுந்தது விழுந்ததுதான்.

காற்று பலமாக அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்தைத் தருவது பலமன்று, வித்தியாசம். முகட்டுக்கு மேலே காற்று ஓடுகிறது. மறைவில் ஏறக்குறைய அசைவே இல்லை. மறைவிலிருந்து காற்றை எதிர்த்து மேலேறும் கிளைடர், எல்லையைக் கடந்ததும் எதிர்காற்றைச் சந்திக்கிறது. காற்று 30 கி.மீ. என்றால், காற்றோடு ஒப்பிட்ட அதன் வேகம் அவ்வளவால் கூடும். திரும்பி, காற்றோடு சேர்ந்து அசைவற்ற மறைவுக்குள் பாயும்போது இன்னொரு 30. காற்றுத் தடை தின்றது போக மிஞ்சுவது சுற்றுக்குச் சுற்று சேரும். தேர்ந்த கிளைடர் காற்றைப்போல் சுமார் பத்து மடங்கு வேகம் எட்டும்.

உங்கள் நுரைக் கிளைடருக்கு அந்த ஆசை வேண்டாம். 20 மீற்றர் ஆரையில் 150 கி.மீ. வேகத்தில் சுற்றினால், ஒரு கிலோ விமானத்தின் இறக்கை ஏறத்தாழ ஒன்பது கிலோ தாங்கவேண்டும். வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு! இறக்கையில் கார்பன் குழாய் இல்லையென்றால் முயலவே வேண்டாம். சேர்வோவை (இறக்கைப் பலகையை அசைக்கும் சிறு மோட்டாரை) இயக்கி வைத்துக்கொண்டு, இறக்கையின் அசையும் பலகையின் விளிம்பை இரு விரலால் ஆட்டிப் பாருங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் வேகத்தில் அது படபடத்து இறக்கையைப் பிய்த்துவிடும். கம்பி இணைப்பின் துளை தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம், மாற்றிவிடுங்கள்.

இடம் தேடும்போது, உச்சி கூராகவும் பின்புறம் சட்டென்று இறங்குவதாகவும் உள்ள, மரமில்லாத முகடாகப் பாருங்கள். பின்னால் வீடோ பாதையோ கூடாது. சீனன்குடா விமானத் தளத்துக்கு அருகே கூடவே கூடாது. எங்கென்றாலும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் முதலில் கேளுங்கள். 20 கி.மீ. காற்றில், அகலமான வட்டத்தில் தொடங்குங்கள். வட்டம் உங்கள் தலைக்கு மேலாக வரக்கூடாது. தடுமாறினால் மறைவுக்குள் இறங்காமல், மேலேறிக் காற்றுக்குள் வெளியேறுங்கள்.