அமெரிக்காவில் வாழும் இந்தோனேசியர்கள், செமினோல் பழங்குடியினர்: இவர்களின் சமூக, பொருளாதார நிலையை ஒப்பிட முடியுமா?

ஒரு புள்ளிவிவர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் உள்ள இந்தோனேசிய வம்சாவளியினரையும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான செமினோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வருமானம், படிப்பு, வறுமை, வேலையின்மை என்று ஒப்பிடுகிற அட்டவணை. அநேகமாக எல்லா வரியிலும் இந்தோனேசியர் மேலே, செமினோல் கீழே. ‘கேசினோ வைத்துக் கோடிகோடியாகச் சம்பாதிக்கும் செமினோல்கள் எப்படிக் கீழே போனார்கள்?’ என்பது உங்கள் சந்தேகம்.

நான் இருப்பது ஃப்ளோரிடாவில், டாம்பா பக்கம். அதற்கு முன் சில வருடங்கள் தெற்கு பிலடெல்பியாவில் இந்தோனேசியர்கள் நிறையப் பேர் இருக்கும் தெருவில் குடியிருந்தேன். ஆராய்ச்சியாளன் இல்லை, ஆர்வத்தில் படித்ததும் பக்கத்தில் இருந்து பார்த்ததும்தான் இந்தப் பதில்.

அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ‘செமினோல்’ என்ற வரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள் நினைக்கும் கேசினோ செமினோல்கள் இல்லை.

கணக்கெடுப்பில் தன்னைச் செமினோல் என்று குறிப்பவர்கள், கலப்பு வம்சாவளியினரையும் சேர்த்தால், முப்பதாயிரம் பேர் அளவில் வருகிறார்கள். ஃப்ளோரிடா செமினோல் பழங்குடியில் பதிவு பெற்ற உறுப்பினர்கள் நாலாயிரம் சொச்சம்தான். மீதிப் பேரில் பெரும்பங்கு ஓக்லஹோமாக்காரர்கள். ஒரே மக்கள் எப்படி இரண்டு மாநிலத்தில், இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் போய் விழுந்தார்கள் என்பது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

1830-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம், தென்கிழக்கில் இருந்த பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. செமினோல்கள் போக மறுத்தார்கள். 1835-ல் தொடங்கி 1842 வரை நீண்ட போரில் அமெரிக்க ராணுவம் கோடிக்கணக்கில் செலவழித்தது. சமாதானம் பேச வெள்ளைக்கொடியோடு வந்த தலைவர் ஒசியோலாவை 1837-ல் கைது செய்தார்கள். மறு வருடம் ஜனவரியில் சிறையிலேயே இறந்தார். பிடிபட்டவர்கள், சரணடைந்தவர்கள் எல்லாரும் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1858-ல் மூன்றாவது போரும் முடிந்தபோது எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டுக்குள் மிஞ்சியவர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் எந்தச் சமாதான ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. இன்றைய ஃப்ளோரிடா செமினோல்கள் அந்தச் சில நூறு பேரின் வாரிசுகள். ‘நாங்கள் வெல்லப்படாதவர்கள்’ என்று இன்றும் மார்தட்டிக்கொள்வார்கள்.

ஓக்லஹோமா போனவர்கள் கதை வேறு. பழங்குடிக்குப் பொதுவாக இருந்த நிலத்தை 1898-க்குப் பிறகு ஆளுக்குச் சுமார் 120 ஏக்கர் என்று அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனி ஆளுக்கு எழுதிக் கொடுத்த நிலத்தைத் தனி ஆளிடமிருந்து பிடுங்கலாம். வரிப்பாக்கி, கடன், சிறுவர்களுக்குக் ‘காப்பாளர்’ என்று நீதிமன்றம் நியமித்த உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் என்று பல வழிகளில் நிலம் கைமாறியது. 1926-ல் ஓக்லஹோமாவின் செமினோல் கவுண்டியில் (மாவட்டத்தில்) எண்ணெய் பீறிட்டது. அன்றைய அமெரிக்காவின் மிகப்பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. அதற்குள் பெரும்பாலான நிலம் வேறு ஆட்களின் பெயரில் இருந்தது. எண்ணெய் வற்றியதும் ஊரும் வற்றியது. பழங்குடியின் தலைநகரான வெவோக்காவில் இன்று இருப்பது மூவாயிரம் சொச்சம் பேர்தான். அவர்களுக்கும் கேசினோ உண்டு. ஆனால் அந்த மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடிக் கேசினோக்கள். வெவோக்காவுக்கு மயாமி கூட்டமா வரப் போகிறது?

அவர்களுக்குள்ளேயே இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிவந்து செமினோல்களோடு சேர்ந்து போரிட்ட கறுப்பின அடிமைகளின் வாரிசுகள். ஓக்லஹோமா செமினோல்களின் 14 பிரிவுகளில் 2 பிரிவு அவர்களுடையது. மத்திய அரசோடு பழங்குடி செய்துகொண்ட 1866 ஒப்பந்தமே அவர்களுக்கு உரிமை கொடுத்தது. இருந்தும் 2000-ல் அவர்களை வெளியே தள்ள வாக்கெடுப்பு நடந்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளாததால் பின்வாங்கினார்கள். 2021-ல் கொரோனா தடுப்பூசி போட, வெவோக்காவில் பழங்குடிகளுக்காக மத்திய அரசு நடத்தும் மருத்துவமனைக்குப் போனவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடக் கடைசியில் பழங்குடிகளுக்கான மத்திய சுகாதாரத் துறை அவர்களுக்கும் உண்டு என்று அறிவித்த பிறகுதான் மருத்துவ உரிமை கிடைத்தது. ‘செமினோல் சராசரி’ என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஃப்ளோரிடாவுக்கு வருவோம். 1940-களில்கூட இவர்கள் பனையோலைக் குடிசையில் இருந்துகொண்டு, சுற்றுலாக்காரர்களுக்கு முதலைச் சண்டை காட்டியும், வண்ணத்துணிகளை ஒட்டித் தைத்த பாவாடைகளை விற்றும் பிழைத்தவர்கள். வெள்ளையர் பள்ளியும் சேர்க்கவில்லை, கறுப்பர் பள்ளியும் சேர்க்கவில்லை. பெட்டி மே ஜம்பர் என்ற பெண் வட கரோலினாவுக்குப் போய்ப் படித்து, 1945-ல் உயர்நிலைப் பள்ளி முடித்தார். ஃப்ளோரிடா செமினோல்களில் அவர்தான் முதல் ஆள். 1967-ல் பழங்குடியின் முதல் பெண் தலைவரும் அவரே. பழங்குடி முறையாக அமைப்பானதே 1957-ல்தான்.

1979 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரத்தில் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ரிசர்வேஷன் நிலத்தில் பெரிய பந்தய பிங்கோ (எண் குலுக்கி ஆடும் சூதாட்டம்) அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். மாநிலச் சட்டம் பரிசுத்தொகைக்கு வரம்பு வைத்திருந்தது; எங்கள் மண்ணில் உங்கள் சட்டம் செல்லாது என்றார்கள். ஷெரிஃப் கைது செய்வேன் என்று மிரட்ட, வழக்குக்குப் போய் 1981-ல் ஜெயித்தார்கள். நாடு முழுக்கப் பழங்குடிக் கேசினோக்களுக்கு வழி திறந்ததில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் டாம்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1980-ல் நகர மையத்தில் கார் நிறுத்தும் கட்டடத்துக்காகத் தோண்டியபோது பழைய ராணுவக் கோட்டையின் இடுகாடு வெளியே வந்தது. அதில் செமினோல்களின் எலும்புகளும் இருந்தன. பழங்குடி தகராறு செய்யவில்லை. வேறு இடத்தில் மறுஅடக்கம் செய்துகொள்கிறோம் என்று ஊருக்கு ஓரமாகச் சுமார் எட்டு ஏக்கர் வாங்கி, அதை மத்திய அரசின் பொறுப்பில் ரிசர்வேஷன் நிலமாக மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் அங்கே வரியில்லாத சிகரெட் கடை முளைத்தது. 1982-ல் பிங்கோ. இன்று அதே இடத்தில் ஹார்ட் ராக் கேசினோ. சனிக்கிழமை ராத்திரி நெடுஞ்சாலை இறக்கத்திலேயே வண்டி நகராது. முன்னோரைப் புதைக்க வாங்கிய மண்ணில் சூதாட்டமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. மாநிலத்தையே பறிகொடுத்தவர்கள் எட்டு ஏக்கரை வைத்து ஆடிய ஆட்டம் அது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2007-ல், உலகம் முழுக்க உணவகமும் ஹோட்டலும் நடத்தும் ஹார்ட் ராக் நிறுவனத்தையே 96.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டார்கள். பாலித் தீவின் கூட்டா கடற்கரையில் இருக்கும் ஹார்ட் ராக் ஹோட்டலின் பெயர் இன்று செமினோல்களின் சொத்து. உங்கள் அட்டவணையில் இந்தோனேசியரையும் செமினோலையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

இந்தப் பணம் குடும்ப வருமானக் கணக்கில் முழுதாகத் தெரியாது. லாபத்திலிருந்து உறுப்பினர்களுக்குப் பங்குத்தொகை போகிறது, சரி. ஆனால் ஹோட்டல்கள், மருத்துவமனை, பள்ளி, நிலம் எல்லாம் பழங்குடியின் பொதுச்சொத்து. எந்தக் குடும்பத்தின் கணக்கிலும் ஏறாது. ரிசர்வேஷன் நிலத்தைத் தனி ஆள் விற்கவோ சாதாரணமாக அடமானம் வைக்கவோ முடியாது. அதனால் ‘சொந்த வீடு’ என்ற வரியும் தடுமாறும். ‘வேலைக்குப் போவோர் சதவீதம்’ என்ற வரி இன்னும் குழப்பம். டாம்பா கேசினோவில் சீட்டுப் போடும் டீலர்களைப் பாருங்கள்: பிலிப்பைன்ஸ், வியட்நாம், கியூபா, ஹைத்தி. முதலாளி வீட்டுப் பிள்ளை கல்லாவில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இதே ‘வேலையில் இல்லை’ என்பதற்கு வெவோக்காவில் பொருளே வேறு.

இனி இந்தோனேசியர். கிட்டத்தட்ட 28 கோடி மக்கள் உள்ள நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் பெருங்கூட்டம் கலிஃபோர்னியாவில். அதாவது விசா என்ற சல்லடையில் தேறி வந்தவர்கள். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பு, பணம், ஆங்கிலம் மூன்றில் குறைந்தது இரண்டு உள்ள ஆளைத்தான் விமானம் ஏற்றுகிறார்கள். அங்கே போய்ப் பட்டதாரிகளை எண்ணினால் பாதிக்குப் பக்கம் வரத்தான் செய்யும். அது இந்தோனேசியாவின் சராசரியும் இல்லை, இனத்தின் கெட்டிக்காரத்தனமும் இல்லை.

அவர்களும் ஒரே கூட்டம் இல்லை. 1950-களிலும் 60-களிலும் டச்சு-இந்தோனேசியக் கலப்பினத்தவர்கள் நெதர்லாந்து வழியாகக் கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள். கிதார் மேதை எடி வான் ஹேலனின் குடும்பம் 1962-ல் அப்படி வந்ததுதான்; அம்மா ஜாவாவில் பிறந்த கலப்பினத்தவர். பின்னால் மாணவர்கள், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள். 1998 மே மாதக் கலவரம் வேறொரு கூட்டத்தைத் தள்ளிவிட்டது. ஆசிய நிதி நெருக்கடியில் ரூபியா தரைமட்டமாகி, ஜகார்த்தாவில் சீன வம்சாவளியினரின் கடைகள் எரிந்து, பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளான நாட்கள். அந்த மாதம் 21-ம் தேதி நாட்டின் அதிபர் சுகார்த்தோ பதவி விலகினார். சீன வம்சாவளியினரும் மற்றக் கிறிஸ்தவர்களும் சுற்றுலா விசாவில் பிலடெல்பியா, நியூஜெர்சி, நியூ ஹாம்ப்ஷயர் என்று வந்து இறங்கினார்கள்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த அம்மா அப்படி வந்தவர். சுரபயாவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். தெருவே அவரை ‘இபு’ (அவர்கள் மொழியில் அம்மா) என்றுதான் கூப்பிடும். விடிகாலை நாலரைக்கு முனையில் வேன் வந்து நிற்கும். தலையை மூடிய ஜாக்கெட்டோடு பத்துப் பதினைந்து பேர், கையில் சோற்றுப் பொட்டலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஏதாவது பேக்கிங் ஆலை. எந்த ஆலை என்பது வேனில் ஏறிய பிறகுதான் தெரியும். வேன் கூலியையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் ‘அரிசான்’ நடக்கும். அச்சு அசலாக நம்மூர்க் குலுக்கல் சீட்டு: எல்லாரும் பணம் போட்டு, பெயர் எழுதிய சுருளைக் குலுக்கி, வந்த பெயருக்கு மொத்தத் தொகை. பையனின் கல்லூரிக் கட்டணத்தை இபு அப்படித்தான் கட்டினார். அந்தப் பையன் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறான். அட்டவணையில் ‘இந்தோனேசியர்’ வருமானத்தைத் தூக்கி நிறுத்துவது அவனைப் போன்றவர்களும்தான். வேன் கூட்டமோ, கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு குறிப்பிட்ட நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். 2003 ஜனவரியில் இந்தோனேசியாவையும் பட்டியலில் சேர்த்தார்கள். முஸ்லிம் நாடு என்ற கணக்கு. மாட்டியவர்களில் பலர் அந்த நாட்டில் சிறுபான்மையாக இருந்ததால் ஓடிவந்த கிறிஸ்தவர்கள்! பட்டியலில் இருந்த எல்லா நாட்டவரையும் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை பாய்ந்தது. நியூஜெர்சியின் ஹைலண்ட் பார்க்கில் ஒரு தேவாலயம் 2012-ல் சில இந்தோனேசியர்களை உள்ளேயே தங்க வைத்துக் காப்பாற்றியது. செமினோலுக்கு எந்தக் கஷ்டம் இருந்தாலும் இந்தக் கஷ்டம் இல்லை. அவரை எங்கே நாடுகடத்துவது? ஓக்லஹோமாவுக்கு ஏற்கெனவே கடத்தியாயிற்று.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் நான் வேறு ஜோடியை எடுப்பேன். ஃப்ளோரிடா செமினோல்களுக்கு எதிரே, இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள பப்புவாவின் அமுங்மே, கமோரோ மக்கள். அவர்களும் மண்ணின் பூர்வகுடிகள். அமுங்மேக்களின் மலையில்தான் உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றான கிராஸ்பெர்க் இருக்கிறது. அமெரிக்க நிறுவனமான ஃப்ரீபோர்ட்டுக்கு அந்தப் பகுதியில் சுரங்கம் தோண்ட இந்தோனேசிய அரசு ஒப்பந்தம் கொடுத்தது 1967-ல். பப்புவா எந்த நாட்டோடு இருக்கும் என்பதை முடிவு செய்ததாகச் சொல்லப்படும் வாக்கெடுப்பு நடந்ததே 1969-ல், அதுவும் பொறுக்கி எடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து. இவ்வளவு தங்கம் போயும் பப்புவா இன்றும் இந்தோனேசியாவின் மிக ஏழைப் பகுதிகளில் ஒன்று. செமினோல்களிடம் இருந்தது தங்கமில்லை, ‘எங்கள் மண்ணில் உங்கள் சட்டம் செல்லாது’ என்று நீதிமன்றத்தில் சொல்ல ஓர் உரிமை. அமுங்மேக்களிடம் தங்கம் இருந்தது, அந்த உரிமை இல்லை. 2018-ல் ஃப்ரீபோர்ட்டின் இந்தோனேசிய நிறுவனத்தில் 51 சதவீதத்தை ஜகார்த்தா வாங்கியது. அந்த 51-ல் 10-ஐப் பப்புவா மாகாண, மாவட்ட நிர்வாகங்களுக்கு என்று ஒதுக்கினார்கள்.