ஜூலிக்கு 41 கிலோ, என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை. நாய் குண்டாகிவிட்டது, எப்படி இளைக்க வைப்பது? அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் லேப்ரடார் ஜூலிக்கு 7 வயது. கருத்தடை ஆபரேஷன் ஆகி நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது எடை பார்த்தார்கள், 41 கிலோ! 30 கிலோதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள், காலையில் எழுந்ததும் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். மூன்று மாதமாக ஒரு வேளைக்கு 150 கிராம் என்று இரண்டு வேளைதான் பாக்கெட் உணவு வைக்கிறேன். மாமனார் காலை டீக்கு நாலு, மாலை டீக்கு நாலு மேரி பிஸ்கட் கொடுப்பார். பசங்க சாப்பிடும்போது இரண்டு இட்லி. மதியம் மாமியார் கொஞ்சம் தயிர்சாதம், ராத்திரி ஒரு டம்ளர் பால். வேறு எதுவும் இல்லை. ஆனாலும் எடை இறங்கவில்லை. காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள், அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
(வாசகி, மதுரை)

பதில்: தட்டில் வைப்பதை நீங்கள் ஒழுங்காகத்தான் அளக்கிறீர்கள். ஜூலி குண்டாவது பெரும்பாலும் தட்டுக்கு வெளியே. நீங்கள் எழுதியதை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாக்கெட் உணவு 100 கிராமில் சுமார் 360 கலோரி இருக்கும் (உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சரியான எண் இருக்கும், பாருங்கள்), 300 கிராமுக்கு 1080 ஆச்சு. எட்டு மேரி பிஸ்கட் கிட்டத்தட்ட 180. இரண்டு இட்லி 100. தயிர்சாதம் ஒரு கிண்ணம் என்று வைத்தால் 250. பால் 120. மொத்தம் 1700-ஐத் தாண்டுகிறது. எடை குறைக்கும் காலத்தில் இப்போதைய எடையைப் பார்ப்பதில்லை, போய்ச் சேர வேண்டிய எடையைப் பார்ப்போம். 30 கிலோ நாய்க்கு அந்தக் கணக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. அதாவது "வேறு எதுவும் இல்லை" என்று நீங்கள் எழுதிய அந்த பிஸ்கட், இட்லி, தயிர்சாதம், பால் மட்டுமே 650. ஜூலிக்கு ஒரு நாள் முழுக்க வேண்டியதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

யார் மீதும் கோபப்படாதீர்கள். வீட்டில் நாலு பேர் பாசமாக இருக்கிறார்கள், நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்கள், மற்றவர் கொடுத்தது ஒருவருக்கும் கணக்கில் இல்லை. குண்டான நாய் இருக்கும் வீடுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் இதுதான்.

சரி, முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் குண்டாகும். சோம்பிப் படுத்திருக்கும், முடி மெலியும், வாலில் முடி கொட்டும். தண்ணீரை அளவில்லாமல் குடித்து வயிறு மட்டும் தொங்கினால் அது வேறு ஒரு ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை நாள்கணக்கில் போகிறது என்றால் அதுவும் பசியைக் கிளப்பிவிடும். இவை எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகு உணவில் கை வையுங்கள், இல்லையென்றால் நோயை வைத்துக்கொண்டு நாயைப் பட்டினி போட்டதாகிவிடும்.

அப்புறம் ஒரு டப்பா. மூடி போட்ட பெரிய டப்பாவாக ஒன்று எடுங்கள். தினமும் காலையில் அன்று முழுக்க ஜூலிக்கான உணவைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து அதில் போட்டுவிடுங்கள். டம்ளரால் அளக்காதீர்கள், ஒரே டம்ளரில் உங்கள் கை ஒரு அளவு அள்ளும், பசங்க கை ஒரு அளவு அள்ளும். காலை, இரவு தட்டுக்கும் அந்த டப்பாவிலிருந்துதான், மாமனார் டீ நேரத்தில் கொடுப்பதும் அதிலிருந்துதான், பசங்க கொடுப்பதும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. மாமனாரிடம் "கொடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தினம் இரண்டு வேளை டீ நேரத்தில் அவரும் ஜூலியும் சேர்ந்து உட்காருவது இருவருக்குமே முக்கியம், அதைப் பறித்தால் இரண்டே நாளில் பிஸ்கட் ஒளித்துவைத்துக் கொடுக்கப்படும். டப்பாவிலிருந்து எட்டுத் துண்டு எடுத்து அவர் கையில் கொடுங்கள், ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். கொடுக்கிற துண்டு பெரிதா சிறிதா என்று நாய் பார்ப்பதில்லை, எத்தனை தடவை கை நீளுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ், கேரட் துண்டுகளும் நல்லது, லேப்ரடார் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லாது. இப்படி நொறுக்காகப் போவதெல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயிர்சாதமும் பாலும் நிற்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. மீந்த சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய சாதம் எல்லாம் கூடவே கூடாது. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோழித் தோலும் கொழுப்பும் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், கணையம் வீங்கி நாலைந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது கொடுக்கும் சாதாரண உணவையே பாதியாக வெட்டிவிடாதீர்கள். கலோரியோடு சேர்த்துப் புரதமும் வைட்டமினும் பாதியாகிவிடும், கொழுப்புக்குப் பதில் தசை கரையும். எடை குறைக்கவென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டிய உணவு டாக்டர் மூலம் கிடைக்கிறது, விலை அதிகம்தான், ஆனால் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும், நாய்க்கும் வயிறு நிறையும். பத்து நாளில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். வீட்டுச் சமையல்தான் முடியும் என்றால் தோல் நீக்கிய கோழி, கொஞ்சமே சாதம், சுரைக்காய் அல்லது பூசணி என்று வைக்கலாம். ஆனால் அதற்குக் கால்சியமும் வைட்டமினும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும், அளவை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பார்வை. ஜூலி நடிக்கவில்லை, அவளுக்கு உண்மையாகவே பசிக்கிறது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு POMC என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் செய்தி சொல்லும் வேலையில் பங்குள்ள மரபணு அது. அதில் துண்டு விடுபட்ட நாய்க்கு வயிறு நிறைந்தாலும் திருப்தி வருவதில்லை. ஜூலிக்கும் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் லேப்ரடார் வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அந்தப் பார்வைக்கு இன்னொரு பிஸ்கட் பதிலாகாது, அதைத் தின்று முடித்ததும் அதே பார்வைதான். இரண்டு வேளை உணவை மூன்றாகப் பிரியுங்கள். தட்டில் கொட்டாமல் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி மடிப்புகளுக்குள் ஒளித்துவையுங்கள், மோப்பம் பிடித்துத் தேடித் தின்ன இருபது நிமிடம் ஆகும். பார்வை தாங்கவில்லையா, எழுந்து போய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு தெரு முனைவரை நடந்துவிட்டு வாருங்கள். அவளுக்கு வேண்டியதில் பாதி நீங்கள்தான்.

குறைத்துக் கொடுப்பது கொடுமை என்று மாமியார் சொன்னால் இதைப் படித்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, ஒன்றுக்கு வழக்கமான அளவும் மற்றதற்கு அதைவிட 25 சதவீதம் குறைவாகவும் ஆயுள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நாயின் ஆயுளில் இரண்டு வருடம் எவ்வளவு பெரியது என்று நாய் வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 400 கிராம் இறங்கினால் போதும். 11 கிலோ குறைய ஏழெட்டு மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். 41 கிலோவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வீட்டுத் தராசில் ஏற முடியாது, தெரிந்த அரிசி மண்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ மேடைத் தராசு இருக்கும், அதில் நிற்கவைத்தால் போதும். ஒரு மாதமாக ஊசி அசையவில்லை என்றால் அளவைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம், டாக்டரிடம் போங்கள்.

பின்னங்கால் வலிக்கு நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் மாதிரியானவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, வலி குறைந்தால்தான் நடக்கவும் முடியும். நடை பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று முறை. பந்து எறிந்து ஓடவிடுவது, படி ஏற்றுவது இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: கருத்தடை ஆபரேஷன் செய்தால் நாய் குண்டாகிவிடும் என்கிறார்களே, எங்கள் பெண் குட்டிக்குச் செய்யாமல் விட்டுவிடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: விட்டுவிடாதீர்கள். வயதான பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாவது சாதாரணமாக நடக்கிறது, மார்பில் கட்டிகளும் வருகின்றன. ஆபரேஷன் கர்ப்பப்பைச் சீழைத் தடுத்துவிடும், சின்ன வயதிலேயே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்கு வேண்டிய சக்தி குறையும், இது உண்மை. தையல் பிரித்த வாரமே உணவில் நாலில் ஒரு பங்கை மட்டும் குறைத்துவிட்டு மாதாமாதம் எடை பாருங்கள். இன்னும் வளர்கிற குட்டி என்றால் எவ்வளவு குறைப்பது என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு 5 வயது, 12 கிலோ. இளைக்க வேண்டும் என்று தினமும் காலை 8 மணிக்கு அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். குறட்டை மாதிரி சத்தம் வருகிறது, சில நாள் நாக்கு நீலமாகிறது. இன்னும் கொஞ்ச நேரம் கூட்டலாமா?
(வாசகர், கொளத்தூர், சென்னை)

பதில்: இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். நாக்கு நீலமானால் உடம்புக்குப் பிராணவாயு போதவில்லை என்று அர்த்தம், நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கின் மூக்குத் துவாரம் குறுகல், தொண்டையில் சதை அதிகம், அதன் மேல் கொழுப்பும் சேர்ந்திருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் காலை 8 மணி அதற்கு நடுப்பகல் மாதிரி. மூக்குத் துவாரத்தைச் சிறிய ஆபரேஷன் மூலம் அகலப்படுத்தலாமா என்றும் கேளுங்கள், சில நாய்களுக்கு மூச்சே மாறிவிடும்.

டாக்டர் சரி என்றபிறகு காலை 6 மணிக்கு முன்னால் பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம், மெதுவான நடை. கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் போடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே வேண்டாம். எப்போதாவது எச்சில் ஒழுகித் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை.

இளைப்பது தட்டில்தான் நடக்கும். பக்குக்கு 8 கிலோவே அதிகபட்சம், அந்த எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 330 கலோரி. ஒரு மெதுவடையே நூறைத் தாண்டும்.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு விலா எலும்பு தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "சோறு போடமாட்டீங்களா" என்று கேட்கிறார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறது. இன்னும் கூட்டட்டுமா?
(வாசகி, சிவகாசி)

பதில்: வேண்டாம். முயல் வேட்டைக்கு ஓடிய இனம் அது, ஒல்லியான உடம்பும் ஏறிய வயிறும்தான் அதன் அழகு, கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது அதற்கு இயல்பு. லேப்ரடாரையும் பக்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆரோக்கியமான நாயே எலும்பும் தோலுமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்பது என் வருத்தம்.

கண்ணை விட்டுவிட்டுக் கையால் பாருங்கள், எந்த நாய்க்கும் இது பொருந்தும். உங்கள் கையை விரித்து நீட்டிப் புறங்கையை மறுகை விரலால் தடவுங்கள், எலும்பு மெல்லிய தோலுக்கு அடியில் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவினால் அப்படி இருக்க வேண்டும். கையை முஷ்டியாக மூடி முட்டிகளைத் தடவினால் இருப்பதுபோல் துருத்தினால் நாய் ரொம்ப ஒல்லி. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மெத்தை மாதிரி இருந்து விலாவைத் தேட வேண்டியிருந்தால் குண்டு. சிப்பிப்பாறைக்கு முதல் இரண்டுக்கும் நடுவில் இருந்தாலே போதும். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து துருத்தினாலோ, முடி மினுமினுப்பு இல்லாமல் வறண்டிருந்தாலோ மலத்தைப் பரிசோதித்துப் பூச்சி மருந்து கொடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால் இப்போது வைக்கும் அளவையே வைத்துவாருங்கள்.