கேள்வி பதில்: கல்லா நெறஞ்சிருக்கு, கடை ஓடுதா?

2025 அக்டோபர்ல கிழக்கு திமோர், ஆசியான்ங்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட அமைப்புல 11வது நாடா சேர்ந்ததைப் பத்தி போன இதழ்ல நாலு வரி போட்டிருந்தோம், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு சத்தியமா நெனைக்கல. பாதிப் பேர் அது எங்க இருக்குன்னு கேட்டிருக்கீங்க. திமோர்ங்கிற தீவோட கிழக்குப் பாதி அது, மேற்குப் பாதி இந்தோனேசியா, கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவோட டார்வின். மிச்சக் கேள்வி எல்லாம் காசு பத்தினது.

சார், ஒரு நாடு புதுசா சுதந்திரம் வாங்குன மறுநாள் காலைல கடைக்குப் போறவன் கையில எந்த ஊர் நோட்டு இருக்கும்? - வாசகர், விருதுநகர்

வியாபார ஊர்க்காரர்னு கேள்வியிலயே தெரியுது. திமோர்ல அமெரிக்க டாலர்தான். 1975ல போர்ச்சுகல் கெளம்புச்சு, உடனே இந்தோனேசியா உள்ள வந்துச்சு, அதுல இருந்து 24 வருஷம் ருப்பியா. 1999 ஆகஸ்ட் 30ல வாக்கெடுப்பு, 78 சதவீதத்துக்கு மேல தனியா போறோம்னு போட்டாங்க. அந்தக் கோபத்துல இந்தோனேசிய ராணுவம் வளர்த்துவிட்ட ஆயுதக் கும்பலுங்க கரன்ட் லைன், ஸ்கூல், ஆபீஸ்னு கண்ணுல பட்டதெல்லாம் கொளுத்திட்டுப் போயிட்டாங்க. பெரிய அதிகாரிங்க, ஹைஸ்கூல் வாத்தியாருங்க பெரும்பாலும் இந்தோனேசியாக்காரங்க, அவங்களும் மூட்டை கட்டிட்டாங்க. நோட்டு அடிக்கிறத விடுங்க, அதை எண்ணி வெக்க பேங்க்கும் இல்ல, ஆளும் இல்ல.

அதனால சுதந்திரம் வர்ற வரைக்கும் ஊரை நடத்துன ஐநா நிர்வாகம் 2000 ஜனவரியில டாலர்தான் காசுன்னு அறிவிச்சுட்டுச்சு. முழு சுதந்திரம் வந்தது 2002 மே 20, அப்பவும் அதையே வெச்சுக்கிட்டாங்க. ஆனா ஒரு கட்டு கீரைக்கு ஒரு டாலரை நீட்டுனா சில்லறைக்கு எங்க போறது? 2003ல சென்டாவோன்னு சொந்தமா காசு அடிச்சாங்க, அதுவும் நாணயம் மட்டும், நோட்டு இன்னைக்கு வரைக்கும் அமெரிக்காவோடதுதான். இதுல ஒரு நல்லது இருக்கு, எந்த அரசாங்கம் வந்தாலும் இஷ்டத்துக்கு நோட்டடிச்சு விலைவாசிய ஏத்த முடியாது. கெட்டதும் இருக்கு. பக்கத்துல இந்தோனேசியாவோட ருப்பியா சரிஞ்சா அங்க இருந்து வர்ற நூடுல்ஸ், முட்டை, சோப்பு எல்லாம் திமோர்ல மலிவாயிடும், உள்ளூர்ல கோழி வளர்க்கிறவன் டாலர் கணக்குல செலவு பண்ணி அதோட மல்லுக்கட்ட முடியாது.

கடல்ல எண்ணெய், கேஸ் எல்லாம் இருக்கு, ஜனத்தொகை நம்ம ஒரு மாவட்டம் அளவு கூட இல்ல, அப்புறம் ஏன் சார் ஏழை நாடுன்னே எழுதுறீங்க? - வாசகி, கோவை

மேடம், நீங்க கேட்டதத்தான் அந்த ஊர் ஜனங்களும் இருபது வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. கணக்கு சொல்றேன். 2005ல பெட்ரோலிய நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நார்வே மாதிரி. எண்ணெய்ப் பணம் மொத்தமும் நேரா அதுக்குள்ள போகணும், வெளிநாட்டுப் பங்கு, பத்திரத்துல முதலீடு பண்ணணும், வருஷத்துக்கு 3 சதவீதம் எடுத்துக்கிட்டா காலத்துக்கும் வத்தாதுன்னு ஒரு அளவுகோல். சுதந்திரம் வாங்கி மூணே வருஷத்துல ஒரு ஏழை நாடு இப்படி யோசிச்சதே பெரிய விஷயம்னு நான் சொல்லுவேன். அதுல இப்ப சுமார் 1,800 கோடி டாலர் இருக்கு. ஜனத்தொகை 13 லட்சத்துச் சொச்சம். வகுத்துப் பாத்தா தலைக்கு 13,000 டாலருக்கு மேல வருது, நம்ம காசுக்கு பத்து லட்சம் தாண்டும். அதே ஊர்ல அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்கள்ல பாதிக்குக் கிட்ட, சத்துக் குறைவால வயசுக்கேத்த உயரம் இல்லாம இருக்கு.

எங்க இடிக்குதுன்னா, அந்தக் கேஸ் திமோர் கரைக்கே வரல. பாயு உந்தான்னு அந்தக் கடல் கேஸ் வயலுக்குப் பேரு, அதுல எடுத்த கேஸ் குழாய் வழியா டார்வினுக்குப் போச்சு. பிளான்ட், வெல்டர் வேலை, கேன்டீன், வாடகை வீடு எல்லாம் ஆஸ்திரேலியாக்காரனுக்கு, திமோருக்கு வந்தது ராயல்டியும் வரியும். கல்லாப்பெட்டி நெறஞ்சுது, ஆனா கடை வேற ஊர்ல இருந்துச்சு. ஆயிரக்கணக்குல பசங்க படிச்சு முடிச்சு வெளிய வர்றாங்க, அவங்களுக்கு வேலைன்னா அரசாங்க வேலைதான், அதுக்கும் சம்பளம் அந்த நிதியில இருந்துதான். 2006ல ராணுவத்துல பாரபட்சம்னு சொல்லி வெளியேறின அறுநூறு பேர் வரைக்கும் டிஸ்மிஸ் பண்ணாங்க, அது பத்திக்கிட்டு தலைநகர் டிலியே ரெண்டாச்சு, ஒரு லட்சத்துக்கு மேல ஜனம் வீட்ட விட்டு ஓடுச்சு. அதுக்கப்புறம் எந்த அரசாங்கமா இருந்தாலும் 3 சதவீத அளவுகோலத் தாண்டித்தான் எடுத்துச்சு, போராளிகளுக்குப் பென்ஷன், கரன்ட், ரோடு, தெற்குக் கடற்கரையில சுவாய்ங்கிற ஊர்ல பெரிய ஏர்போர்ட். அந்த ஏர்போர்ட்ல பிளேன் எப்பவாவதுதான் வருது. பென்ஷனையும் கரன்டையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், அந்த ஏர்போர்ட்டத்தான் ஜீரணிக்க முடியல.

பாயு உந்தான் 2025ல மூடியாச்சு. அடுத்தது கிரேட்டர் சன்ரைஸ்னு பெரிய வயல், அதோட குழாய் திமோருக்கா டார்வினுக்காங்கிற இழுபறியிலயே பல வருஷம் ஓடிருச்சு. இந்தத் தடவை கேஸ் எங்க கரைக்குத்தான் வரணும்னு பிரதமர் சனானா குஸ்மாவோ ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஆழ்கடல்ல குழாய் போடறதுக்கு ஆகுற செலவப் பாத்தா அது நடக்குமான்னு சந்தேகம் வரத்தான் செய்யுது, ஆனா ஒரு தடவ கையச் சுட்டுக்கிட்டவர் வேற எப்படிப் பேசுவாரு?

1999ல ஆஸ்திரேலியாதானே படை அனுப்பிக் காப்பாத்துச்சு, அப்புறம் ஏன் ரெண்டு பேருக்கும் சண்டை? - வாசகர், மதுரை

காப்பாத்துச்சு, இல்லேங்கல. அதே ஆஸ்திரேலியா 2002 மார்ச்ல, திமோர் சுதந்திரத்துக்கு ரெண்டே மாசம் முன்னாடி, கடல் எல்லை வழக்குன்னா சர்வதேச நீதிமன்றத்துக்கு வர மாட்டோம்னு விலகிக்கிச்சு. சுதந்திர தினத்தன்னைக்கே ஒரு ஒப்பந்தம், ரெண்டு நாடும் சேர்ந்து எண்ணெய், கேஸ் எடுக்கிற கூட்டுக் கடல் பகுதியில வர்ற வருமானத்துல 90 சதவீதம் திமோருக்கு, 10 ஆஸ்திரேலியாவுக்கு. கேக்க ஆஹான்னு இருக்கு, ஆனா சன்ரைஸ்ல பெரும்பகுதி அந்தக் கூட்டுப் பகுதிக்கு வெளிய இருந்துச்சு! அப்புறம் 2004ல பேச்சுவார்த்தை நடக்கறப்ப திமோர் மந்திரிசபை அறையிலயே ஒட்டுக்கேக்குற கருவி வெச்சாங்கன்னு ஆஸ்திரேலிய உளவுத்துறை ஆளு ஒருத்தரே பின்னால சொன்னாரு, 2013ல திமோர் நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்கிற சர்வதேச நடுவர் மன்றத்துக்கு வழக்கோட போச்சு. கடைசியா 2018 மார்ச்லதான் ரெண்டு கரைக்கும் நடுவுல கோடு போட்டாங்க. கொடி ஏத்தி 16 வருஷம் கழிச்சு கடல் எல்லை. சன்ரைஸ் வருமானத்துல குழாய் திமோருக்கு வந்தா திமோருக்கு 70 சதவீதம், ஆஸ்திரேலியாவுக்குப் போனா 80.

நவுரு மாதிரி ஆயிடுமா? - வாசகர், புதுச்சேரி

அந்த அளவுக்குப் போகாதுன்னு தோணுது. நவுரு 1968ல சுதந்திரம் வாங்குச்சு, 21 சதுர கிலோமீட்டர் தீவு, பாஸ்பேட் வெட்டி வித்த காசுல மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடம், சொந்த ஏர்லைன்ஸ், லண்டன்ல ஊத்திக்கிட்ட மேடை நாடகத்துக்குக் கூட பணம் போட்டுச்சு, 2004ல கட்டடம் கை மாறிப்போச்சு. திமோர்ல அப்படி இல்ல, ஒவ்வொரு வருஷமும் பார்லிமென்ட்ல ஓட்டுப் போட்டுத்தான் நிதியில கை வைக்க முடியும், கணக்கும் எல்லாரும் பாக்கலாம். ஆனா கண்ணு முன்னாடியே கொறையறதையும் அதே கணக்குலதான் பாக்கலாம்.

எண்ணெய் தவிர அங்க வேற என்ன சார் இருக்கு? - வாசகி, சேலம்

காபியும் ஆளுங்களும். ஆளுங்கன்னா தென்கொரியா, ஆஸ்திரேலியா, பிரிட்டன்ல வேலை பாக்குறவங்க. பழைய போர்ச்சுகல் உறவுல அந்தப் பாஸ்போர்ட் எடுத்து வட அயர்லாந்துல இறைச்சி ஃபேக்டரில நிக்கிறவங்க கூட இருக்காங்க. அவங்க வீட்டுக்கு அனுப்புற காசு காபி ஏற்றுமதிய விட அதிகம்.

காபி போர்ச்சுகீசியர் நட்டுட்டுப் போனது, செடி பலதும் கிழடு, மகசூல் கம்மி. ஆனா ஒரு விஷயம் சேலத்துக்காரங்களுக்குப் பிடிக்கும். அரபிகாவும் ரோபஸ்டாவும் தானா கலந்து உண்டான ஒரு செடிய 1920கள்ல திமோர்லதான் கண்டுபிடிச்சாங்க, இலைத் துரு நோய் அதை அண்டாது. உலகம் பூரா ஆராய்ச்சிக்காரங்க அதை வெச்சுத்தான் புது ரகம் உண்டாக்குனாங்க, நம்ம காபி போர்டு 2007ல குடுத்த சந்திரகிரி ரகமும் அதோட வாரிசுதான். ஏற்காடு பக்கம் சந்திரகிரி போட்டவங்க யாராச்சும் இருந்தா விளைச்சல் எப்படின்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறோம்.